பிரேக் ஹோஸ்: பார்வைக்குப் புதுசு, உள்ளே அடைப்பு

ஸ்டீல் பின்னல் போட்ட பிரேக் ஹோஸ் மாட்டி ஓட்டுகிறாயே, என் காருக்கும் அதையே போட்டுவிடவா என்று நண்பன் கேட்டான். போடு, வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடிகிற பதில் என்னிடம் இல்லை. பிரேக் ஹோஸ் என்பது சக்கரத்துப் பிரேக்குக்கு ஆயில் கொண்டுபோகிற வளையும் குழாய். சாதாரண ரப்பர் ஹோஸிலும் பல வருடம் ஓட்டியிருக்கிறேன், பின்னல் ஹோஸிலும் கணிசமாக ஓட்டிவிட்டேன். இரண்டின் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ரப்பர் மேல் இருக்கும் கோபம் பழையது, ஆழமானது.

அதன் கதை இதுதான். முன்பக்கம் ஒரு சக்கரம் மட்டும் சூடாகிக்கொண்டே இருந்தது. பிரேக் மிதித்தால் வண்டி ஒழுங்காக நின்றது, காலை எடுத்த பிறகுதான் தொல்லை. வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கும், மைலேஜ் குறையும், அந்த ரிம்மில் மட்டும் கருப்புத் தூள் அப்பியிருக்கும். கடையில் முதலில், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை உரசி நிறுத்துகிற பேட்டை மாற்றினார்கள். அப்புறம் அந்தப் பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பருக்கு ரிப்பேர் கிட். அடுத்த முறை காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின்னுக்கு கிரீஸ். ஒவ்வொரு முறையும் சில நாள் சரியாக ஓடும், மறுபடி பழைய கதை. ஹோஸைப் பாருங்கள் என்று சொன்னால், "அது நல்லாத்தான் சார் இருக்கு, ஒரு வெடிப்புகூட இல்லை" என்று விரலால் தடவிக் காட்டுவார்கள். உண்மைதான். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்க்காமலே நல்ல பழம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ரப்பர் ஹோஸ் ஒரே குழாய் அல்ல. உள்ளே பிரேக் ஆயில் படுகிற ரப்பர் அடுக்கு, அதன் மேல் நூல் பின்னல், அதற்கும் மேல் வெயிலையும் சேற்றையும் தாங்குகிற வெளி அடுக்கு. நடுவில் ஆயில் ஓடுகிற துளை சுமார் 3 மில்லிமீட்டர்தான். வயதானாலோ நசுங்கினாலோ உள் அடுக்கு உரிந்து துளைக்குள் தொங்க ஆரம்பிக்கிறது. பெடலை மிதிக்கும்போது வருகிற அழுத்தம் பெரிது, அந்தச் சதையைத் தள்ளிக்கொண்டு ஆயில் காலிப்பருக்குப் போய்விடும். திரும்பி வரும்போது அந்த வலு கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் தன் இழுவிசையில் அதை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பின்னே இழுக்கிறது, அவ்வளவே. அந்தச் சின்ன விசைக்கு அடைப்பு திறக்காது. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே கிடக்கும்.

வேறு சிலருக்கு இதே அடைப்பு வேறு விதமாகத் தெரியும்: மிதிக்கும்போது அந்தச் சக்கரத்துக்கு ஆயில் தாமதமாகப் போகும், வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். ஹோஸைப் பிடித்து நிற்கிற இரும்புக் கிளாம்ப்புக்குள் துரு வீங்கி, வெளியிலிருந்தே ஹோஸை நெரிப்பதும் உண்டு. அதைக் கிளாம்ப்பைக் கழற்றாமல் கண்டுபிடிக்க முடியாது.

என்னை எரிச்சல்படுத்துவது, இதைச் சோதிக்க விசேஷக் கருவி எதுவும் தேவையில்லை என்பதுதான். வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, பிரேக்கை நன்றாக மிதித்துக் காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லையா? காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் சின்னத் திருகான பிளீடர் நிப்பிளைத் திறக்க வேண்டும். ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரமும் விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது, காலிப்பர் நிரபராதி. விடுபடாவிட்டால் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது. முதல் ரகம் என்றால், நிப்பிளை மூடி மறுபடி மிதித்துவிட்டு, இந்த முறை ஸ்டீல் பைப்பும் ஹோஸும் சேர்கிற இணைப்பைத் தளர்த்த வேண்டும். அங்கே திறந்ததும் சக்கரம் விட்டால் குற்றம் மேலே, பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடாவிட்டால் ஹோஸ்தான். பிறகு ஆயிலுக்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும், சிந்திய ஆயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் (பெயின்ட்டைத் தின்றுவிடும்). இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யாமல் என் காலிப்பரை இரண்டு முறை பிரித்துப் போட்டார்கள்.

ரப்பரைத் திட்டினேன், நியாயமும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 106, இந்தச் சைஸ் ஹோஸ் 4,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 2 நிமிடம் நிற்க வேண்டும், 7,000க்குள் வெடிக்கக் கூடாது என்கிறது. 35 மணி நேரம் வளைத்துச் சுழற்றும் சோதனையும் உண்டு. அவசரமாக மிதிக்கும்போதுகூட இந்த அளவுக்குப் பக்கத்தில்கூடப் போக மாட்டோம். ஆகவே நல்ல ஹோஸ் திடீரென்று வெடிப்பது அரிது. அதைச் சீக்கிரம் கொல்வது பெரும்பாலும் மனிதர்கள்தான். பேட் மாற்றும்போது காலிப்பரைக் கழற்றி ஹோஸிலேயே தொங்க விடுகிறார்கள், ஒரு கம்பி கட்டித் தூக்கி வைக்கச் சோம்பல். ஆயில் சொட்டாமல் இருக்க ஹோஸைப் பிளையரால் நெரிக்கிறார்கள், உள் அடுக்கு அங்கேயே நசுங்கிவிடும். என்னுடையது அப்படித்தான் போயிருக்கும் என்று சந்தேகம், நிரூபிக்க வழியில்லை.

பராமரிப்பு என்று தனியாகப் பெரிதாக எதுவும் இல்லை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், ஹோஸின் சுவர் வழியாகவே கொஞ்சம் ஈரம் உள்ளே வரும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் சேர்ந்த நிலையில் 155. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்று என்று பெரும்பாலானோர் சொல்கிற கணக்கு இதனால்தான். என்ஜின் ஆயிலோ கிரீஸோ ஹோஸில் படவே கூடாது, அந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறி வீங்கிவிடும். ஸ்டியரிங்கைக் கடைசி வரை இரண்டு பக்கமும் திருப்பி, ஹோஸ் டயரில் உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸின் மேலேயே தயாரித்த மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும், அதைப் படியுங்கள். நீளவாக்கில் ஓடும் கோடு சுருளாகத் தெரிந்தால், மாட்டியவர் முறுக்கி மாட்டியிருக்கிறார்.

சரி, பின்னல் ஹோஸுக்கு வருவோம். மாட்டி முதல் முறை மிதித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பெடல் அவ்வளவு கெட்டி. கொஞ்சம் மிதித்தாலே வண்டி கேட்கிறது, எவ்வளவு மிதிக்கிறோம் என்பது காலுக்குத் தெளிவாகத் தெரிகிறது. உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே ஸ்டீல் கம்பிப் பின்னல் என்பதால் அழுத்தத்தில் அது உப்புவதில்லை. கூடவே போட்ட புது ஆயிலுக்கும் இந்தச் சுகத்தில் பங்கு உண்டு, எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்று வரை அந்தப் பெடல் சலிக்கவில்லை. ஊர்ந்து போகிற நெரிசலில் இது வேண்டவே வேண்டாம் என்பது வேறு விஷயம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை என்பதுதானே என் ஆத்திரம்? அதற்காக வெளியேயும் தெரியாத ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறேன். ரப்பரில் வெடிப்போ வீக்கமோ வந்தால் கண்ணால் பார்க்கலாம். இதில் பின்னல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. மேலுறை இல்லாத பின்னலுக்குள் மணல் போனால் உள்குழாயை அராவும், பக்கத்தில் இருக்கிற வயரையும் பைப்பையும் பின்னல் அராவும். உள்குழாய் ஒரு முறை மடங்கிவிட்டால் ஹோஸைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதனால் நண்பனுக்கு என் பதில்: வேண்டாம். உன் வண்டிக்கு உரிய ரப்பர் ஹோஸையே, அச்சடித்த தேதி பார்த்து, முன்பக்கம் இரண்டையும் சேர்த்து மாற்று. நான் கழற்றுவேனா என்று கேட்காதே, கழற்ற மாட்டேன். ஹோஸைக் காலிப்பரில் இணைக்கிற பான்ஜோ போல்ட்டில், ஹோஸ் முனையின் இரண்டு பக்கமும் புது செப்பு வாஷர் போடுகிறார்களா என்று மட்டும் பக்கத்தில் நின்று பார், பழசையே திருப்பிப் போட்டால் கசியும்.