லூன் பள்ளத்தாக்கில் 'பார்ன்' இணையம்: பயன்படுத்துகிறவள் சொல்வது

வடமேற்கு இங்கிலாந்தில் லூன் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் வீடு பார்க்கும் தமிழர்கள் அவ்வப்போது என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். பெரும்பாலும் லங்காஸ்டர் மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை கிடைத்து வருகிறவர்கள். ஊர் பிடித்துவிடுகிறது, வாடகையும் கட்டுப்படியாகிறது. ஒரு சந்தேகம் மட்டும் நிற்கும். "அக்கா, இவ்வளவு உள்ள தள்ளி இருக்கே, நெட் கிடைக்குமா?"

கிடைக்கும். பல நகரங்களில் கிடைப்பதைவிட நன்றாகவே கிடைக்கும். இங்கே இணையம் கொடுப்பது ஊர்க்காரர்களின் சங்கம் ஒன்று, அதன் முழுப்பெயர் 'பிராட்பேண்ட் ஃபார் தி ரூரல் நார்த்'. பி4ஆர்என் என்று எழுதி 'பார்ன்' என்று சொல்கிறார்கள். ஊர்க்காரர்களே பங்கு போட்டு, பள்ளம் தோண்டி, கண்ணாடி இழை போட்டு, தாங்களே நடத்தும் இணையம். எல்லோரும் கேட்பதால் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் காசு விஷயம். வீடுகளுக்கு விநாடிக்கு 1 கிகாபிட் வேகம். இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் அதே வேகம்தான். டேட்டாவுக்கு வரம்பு கிடையாது. மாதக் கட்டணம் பல வருஷம் 30 பவுண்டாகவே இருந்தது, பிறகு 33 ஆனது. இணைப்புக் கட்டணம் தொடக்கத்தில் 150 பவுண்டு, பிறகு 60 ஆனது. ஊர்ப் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் சமுதாயக் கூடத்துக்கும் இலவசம். புது வாடிக்கையாளருக்கு முதல் வருஷம் சலுகை கொடுத்து, அடுத்த வருஷம் சத்தமில்லாமல் ஏற்றும் வழக்கம் இங்கே இல்லை. பத்து வருஷமாக இருப்பவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள்.

ஏற்றும் வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பிழைப்பே அதில்தான். தம்பி கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். அவன் எடுக்கும் கல்யாண வீடியோக்களை இங்கிருந்து நான் எடிட் செய்கிறேன். மூன்று கேமரா, ஒரு ட்ரோன், எல்லாம் 4கே. முகூர்த்தமும் ரிசப்ஷனும் வெட்டி ஒட்டி முடித்தால் 40 ஜிபிக்குக் குறையாது. இந்த ஊருக்கு முன்பு இருந்தது பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி. எக்ஸ்சேஞ்ச் மலைக்கு அந்தப் பக்கம். ஏற்றும் வேகம் அரை மெகாபிட்டைத் தொடாது. அந்த வேகத்தில் 40 ஜிபி போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் கணினியை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். நடுவில் மழை வந்தால் லைன் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதனால் ஹார்ட் டிஸ்கைக் கூரியரில் அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது என் பக்கத்திலிருந்து சில நிமிஷங்களில் போய்விடுகிறது. பிறகு ஆகிற நேரம் கும்பகோணத்து லைனைப் பொறுத்தது. காலையில் தம்பி கூப்பிட்டு, "அக்கா, பொண்ணோட அத்தை ஊஞ்சல் பாட்டை மாத்தச் சொல்றாங்க" என்றால், அவர்கள் வீட்டில் சாயங்கால விளக்கு ஏற்றுவதற்குள் மாற்றி அனுப்பிவிடுகிறேன். இந்த வேலையை இந்த ஊரில் உட்கார்ந்து செய்ய முடிவது 'பார்ன்' இருப்பதால்தான்.

இது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் நான் ஏன் இவ்வளவு அக்கறையோடு எழுதுகிறேன் என்பது புரியும். இங்கே பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று அரை மைல், ஒரு மைல் தள்ளி இருக்கும். நடுவில் ஆட்டு மந்தை, கல் சுவர், ஓடை. சாலையைத் தோண்டி ஒரு வீட்டுக்குக் கம்பி கொண்டுபோக ஆகும் செலவு, அந்த வீடு பல வருஷம் கட்டும் சந்தாவிலும் திரும்பாது. பெரிய நிறுவனங்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வராமல் இருந்துவிட்டன. 2011-இல் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்தார்கள். தொழில்நுட்பத்தை வகுத்தவர் பேரி ஃபோர்டு, லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணினி வலையமைப்பைக் கவனித்தவர். ஊர் ஊராகப் பேசி ஆள் சேர்த்தவர்களில் முன்னால் நின்றவர் கிறிஸ் காண்டர், ஒரு பண்ணைக் குடும்பத்துப் பெண். 2012-இல் குவார்ன்மோர் என்ற கிராமத்துப் பக்கம் தோண்ட ஆரம்பித்தார்கள்.

செலவைக் குறைத்தது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. சாலையை விட்டுவிட்டு வயலுக்குள் போனார்கள், அவ்வளவுதான். தார்ச் சாலையை உடைத்து, போக்குவரத்தைத் திருப்பி, மறுபடி தார் போடுவதோடு ஒப்பிட்டால் புல்வெளியில் பள்ளம் போடுவது சொற்பச் செலவு. ஆனால் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவர் அனுமதி தர வேண்டும். அந்த அனுமதியைக் காசு வாங்காமல் கொடுத்தார்கள். இந்தச் சங்கத்துக்குக் கிடைத்த மூலதனத்திலேயே பெரியது அதுதான் என்பது என் எண்ணம். ஆரம்ப காலத்தில் தோண்டுகிறவர்களுக்கு மீட்டருக்கு ஒன்றரைப் பவுண்டு கூலி உண்டு. அதைப் பணமாக வாங்காமல் சங்கத்தில் பங்காகவும் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்க் குடிமராமத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு ஏரிக்கரைக்கு வந்த மாதிரிதான் இங்கேயும். இப்போது லங்காஷயர், கம்பிரியா, யார்க்ஷயர் பகுதிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இதில் இருக்கின்றன.

எங்கள் சந்துக்கு வந்தபோது நானும் கூட இருந்தேன். பக்கத்துப் பண்ணைக்காரர் தன் மினி டிகரை எடுத்து வந்து முழங்கால் ஆழத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டே போனார். பின்னால் நாங்கள் ஆரஞ்சு நிறக் குழாயை உருளையிலிருந்து பிரித்துப் பள்ளத்தில் படுக்க வைத்து, கூர்க்கல் எதுவும் குழாய்மேல் படாமல் பொறுக்கிப் போட்டுவிட்டு மண் தள்ளினோம். குழாயில் அப்போது எதுவும் இருக்காது. எல்லா இணைப்பும் முடிந்த பிறகு, ஒரு முனையில் கம்ப்ரசரை மாட்டிக் காற்றை அடித்து, அந்தக் காற்றோடு இழையையும் உள்ளே செலுத்துகிறார்கள். பல நூறு மீட்டர் தள்ளி மறுமுனையில் இழை எட்டிப் பார்த்ததும் அங்கே நிற்பவர் கத்துவார்.

அதற்கடுத்த வேலை எனக்கு இன்னும் பிடித்தது. ஓய்வுபெற்ற ஓர் அம்மா, சங்கத்தில் பயிற்சி எடுத்தவர், எங்கள் வெளிச்சுவர் அருகே மடிப்பு மேசை போட்டு உட்கார்ந்தார். இழையின் மேல்பூச்சை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, நுனியைச் சதுரமாக வெட்டினார். கண்ணாடியின் தடிமன் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு நுனிகளையும் இயந்திரத்தில் வைத்து மூடியதும் சின்னத் திரையில் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. தாமாக நெருங்கின, ஒரு மின்பொறி, ஒன்றாகிவிட்டன. இணைப்பில் எவ்வளவு ஒளி இழப்பு என்று திரையிலேயே எண் வந்தது. அந்த எண் அவருக்குத் திருப்தியாக இல்லை. வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்தார். இரண்டாவது தடவை சரியாக வந்ததும் எனக்கும் திரையைத் திருப்பிக் காட்டினார். மாதச் சம்பளத்துக்கு வருகிறவர் முதல் எண்ணோடு கிளம்பியிருப்பாரா, தெரியாது. இவர் அதே சந்தில் குடியிருப்பவர், சங்கத்தின் பங்குதாரர்.

அந்தப் பங்கைப் பற்றி. சட்டப்படி இது 'சமூகப் பயன் சங்கம்' என்ற வகை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரே ஓட்டு. பங்கின் விலை ஏறாது, வேறு ஒருவருக்கு விற்கவும் முடியாது. வேண்டாம் என்றால் சங்கத்திடமே திருப்பிக் கேட்க வேண்டும். ஆரம்பப் பங்கு வெளியீடுகளில் குறைந்தது 100 பவுண்டு போட வேண்டும், மூன்று வருஷம் எடுக்க முடியாது, நான்காம் வருஷத்திலிருந்து 5 சதவீத வட்டி என்று வைத்திருந்தார்கள். சொத்துப் பூட்டு என்று ஓர் ஏற்பாடும் உண்டு. வலையமைப்பு மொத்தமும் சமூகத்துக்கென்று கட்டப்பட்டது. பெரிய நிறுவனம் ஒன்று வந்து நல்ல விலை சொல்கிறது என்பதற்காக விற்றுப் பங்குதாரர்கள் பிரித்துக்கொள்ள வழியில்லை.

ஊரில் சின்ன வயதில் நான் பார்த்த சங்கம் ஒன்றில் தேர்தல் என்பதே நடக்காது, கணக்கு கேட்டால் சிரிப்பார்கள். அதனால் சங்கம் என்றாலே எனக்குத் தயக்கம். இங்கே விதிகளை முழுக்கப் படித்த பிறகுதான் பணம் போட்டேன். வேகத்துக்கு மட்டும் என்றால் மாதச் சந்தா போதும். பங்கு வாங்கியது அந்தச் சொத்துப் பூட்டுக்காக. வயலை இலவசமாகத் தோண்டவிட்ட பண்ணைக்காரரும் அதை நம்பித்தான் விட்டார். நாளைக்கு எவரோ லாபத்துக்கு விற்றுவிடலாம் என்றிருந்தால் அவர் வாடகை கேட்டிருப்பார், கேட்பதும் நியாயம். இணையத்தின் தரம், விலை, அந்த அம்மாவின் இரண்டாவது இணைப்பு எல்லாமே அந்த விதியிலிருந்துதான் வருகின்றன என்பது என் தீர்மானம்.

சேருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவையும் இருக்கின்றன. உங்கள் தோட்டத்துக்குள் வரும் பள்ளத்தைத் தோண்டுவது உங்கள் பொறுப்பு. முடியாத வயதானவர்களுக்கு அக்கம்பக்கத்தார் செய்துகொடுக்கிறார்கள், ஆனால் ஆள் அனுப்பச் சொல்லிக் காத்திருக்கும் வகைச் சேவை இல்லை இது. சங்கம் இன்னும் போகாத ஊர் என்றால் பொறுமை வேண்டும். வழியில் ஒரு நில உரிமையாளர் மறுத்தால் சுற்றிப் போக வேண்டியிருக்கும். அரசின் கிகாபிட் வவுச்சர் திட்டத்தில் இணைப்புச் செலவுக்கு உதவியாக வீட்டுக்கு 4,500 பவுண்டு வரை கிடைக்க வழி இருந்தது. ஆனால் அதற்கும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்க யாராவது வேண்டும். அந்த வேலை எப்போதும் நாலைந்து பேர் தலையில்தான் விழுகிறது. அவர்கள் களைத்துப்போனால் ஊரே நின்றுவிடும். இந்த முறையின் மெலிந்த இடம் அது, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

தொலைபேசி இன்னொன்று. செம்புக் கம்பியில் பேசிப் பழகியவர்கள் இணையம் வழியாகப் பேசும் சேவையைத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் போனால் அந்தப் போனும் போய்விடும். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது லங்காஸ்டரின் துணைமின் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து 61,000 இடங்களுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. செல்போன் கோபுரங்களும் கைவிட்டன. ஆகவே வீட்டில் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி, சுவரில் இருக்கும் பெட்டியையும் ரவுட்டரையும் அதில் மாட்டுங்கள். இரண்டும் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. வயதான அப்பா அம்மாவை வரவழைத்து வைத்திருப்பவர்கள் இதை முதல் வாரமே செய்துவிடுங்கள்.

கல் வீடுகளில் வைஃபை ஒரு சுவர் தாண்டினால் மெலிந்துவிடும். வாசல்வரை ஒரு கிகாபிட் வந்தும் மாடியில் பஃபரிங் என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள். ஈதர்நெட் கம்பி இழுங்கள்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பார்க்கப் போகும்போது வெளிச்சுவரில் இணைப்புப் பெட்டி இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், குழாய் தோட்டத்தில் எந்த வழியாக வருகிறது என்று விற்கிறவரிடம் ஒரு தாளில் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள். முருங்கை வைக்க முடியாத குளிர் நாடுதான், ஆனாலும் ரோஜாச் செடிக்குக் குழி வெட்டும்போது அந்தத் தாள் தேவைப்படும். பெட்டி இல்லையென்றால் அந்த ஊரில் சங்க வேலையைக் கவனிப்பவர் யார் என்று தபால் அலுவலகத்தில் கேளுங்கள். பங்கு வாங்கினால் ஆண்டுக் கூட்டத்துக்கும் போய் வாருங்கள், உங்கள் ஓட்டுக்கும் அங்கே மற்றவர்கள் ஓட்டுக்கு இருக்கும் அதே எடைதான்.