அப்ரீயாவா, உபியேராவா?

"தெரிந்திருந்தால் வீட்டிலேயே சாப்பிட்டிருப்பேன்." இதை ஸ்பானிஷில் சொல்ல இரண்டு வழி உண்டு. "சி லோ உபியேரா சபீதோ, அப்ரீயா கொமீதோ என் காசா" என்பது ஒன்று. பின்பாதியிலும் அப்ரீயாவுக்குப் பதில் உபியேராவையே போட்டுவிடுவது இன்னொன்று. ஸ்பானிஷ் மொழி அகாதமி இரண்டையும் சரி என்றே ஏற்கிறது. அப்படியானால் புதிதாகப் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வது?

மனப்பாடச் சுமை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்ரீயா, அப்ரீயாஸ், அப்ரீயா, அப்ரீயாமோஸ், அப்ரீயாயிஸ், அப்ரீயான் என்று ஆறு. உபியேராவுக்கும் அதே போல ஆறு. பின்னால் வரும் அப்லாதோ (பேசி), கொமீதோ (சாப்பிட்டு), பிபீதோ (வாழ்ந்து) யாருக்காகவும் மாறாது. தமிழிலும் அப்படித்தானே? 'சாப்பிட்டு' அப்படியே நிற்கும், 'இருப்பேன், இருப்பாய்' மட்டும் ஆளுக்கேற்ப மாறும். நமக்குத் துணைவினை பின்னால், அவர்களுக்கு முன்னால்.

உபியேரா கட்சிக்கு நல்ல நியாயம் இருக்கிறது. 'சி' (நம் 'தெரிந்திருந்தால்' என்பதில் வரும் '-ஆல்') வரும் பாதிக்கு அதை எப்படியும் படித்தாக வேண்டும், பிறகு இன்னொன்று எதற்கு? பேச்சில் அது சர்வசாதாரணம். கொச்சை என்றும் ஒதுக்க முடியாது: அந்த 'ரா' உருவம் லத்தீனில் 'செய்திருந்தேன்' என்று நடந்ததைச் சொன்ன பழைய உருவத்தின் வாரிசு.

ஆனாலும் என் ஓட்டு அப்ரீயாவுக்குத்தான். நேற்று ராத்திரி அவர் ஃபோனை எடுக்கவில்லை, "தூங்கியிருப்பார்" என்று இன்று ஊகிக்கிறோம் அல்லவா? அதற்கு "சே அப்ரீயா தொர்மீதோ" என்றால் சரி. அங்கே உபியேரா போட்டால் ஊகம் என்ற பொருளே போய்விடும். "ஐந்து மணிக்குள் முடித்திருப்பேன் என்றான்" என்பதற்கும் அப்ரீயாதான்: "திஹோ கே அப்ரீயா தெர்மினாதோ அந்தெஸ் தெ லாஸ் சிங்கோ". தமிழில் '-இருப்பேன், -இருப்பார்' செய்யும் இந்த மூன்று வேலைகளையும் செய்வது அப்ரீயா ஒன்றுதான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அதைத் தொடக் கூடாது: 'சி' பக்கத்தில். "சி லோ அப்ரீயா சபீதோ" என்று வட ஸ்பெயினில், பாஸ்க் பகுதியிலும் நவார்ராவிலும், பேசுவார்கள். ஏற்கப்பட்ட வழக்கு அல்ல. 'தெரிந்திருந்தால்' என்னும் இடத்தில் 'தெரிந்திருப்பேன்' என்று நாம் சொல்ல மாட்டோம். அந்தக் காதை வைத்தே இதைத் தவிர்த்துவிடலாம்.