செந்தூலில் ஒன்பது வருடம், ரெலாவில் ஆறு வருடம்

"பினாங்கு எப்படி இருக்கு, நாங்களும் வந்துடலாமா?" என்று கோலாலம்பூர் சொந்தக்காரர்களும் பழைய வேலைத்தோழிகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு அரை மணி நேரம் போனில் பேசி அலுத்துவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

2010 முதல் 2019 வரை கோலாலம்பூரில், செந்தூலில் வாடகை வீட்டில் இருந்தோம். பிறகு எனக்கு பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைத்தது. நான், கணவர், மகள், அத்தை (கணவரின் அம்மா) என நாலு பேரும் சாமான் செட்டோடு தீவுக்கு வந்து ரெலாவில் குடியேறினோம்.

சம்பாதிக்கிற வயதில் கோலாலம்பூர், ஓய்வு பெற்றால் பினாங்கு என்று எல்லாரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழாகப் போனது. சம்பாதிக்கிற நான் இங்கே வந்துதான் மூச்சு விட்டேன். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த அத்தைதான் மாட்டிக்கொண்டார்.

முதலில் என் கதை. அப்போது வேலை பெட்டாலிங் ஜெயாவில். செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி, மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி, கிளானா ஜெயா தடத்துக்கு மாற வேண்டும். காலை ஏழரைக்கு அந்த மாறுமிடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். இரண்டு ரயிலை விட்டுவிட்டு மூன்றாவதில் தோளால் இடித்து ஏறினால்தான் உண்டு. வாசலுக்கு வாசல் ஒன்றேகால் மணி நேரம், திரும்ப அதே ஒன்றேகால். காரில் போய்ப் பார்த்தேன். டோலும் கட்டி ஜேமிலும் உட்கார வேண்டியிருந்ததால் ஒரே மாதத்தில் விட்டுவிட்டேன். மகள் முதலாம் வகுப்பில் இருந்த வருடம் முழுக்க, வாரநாளில் அவளை நான் வெளிச்சத்தில் பார்த்த நாள் குறைவு.

ரெலாவிலிருந்து தொழிற்சாலைக்கு மோட்டாரில் கால் மணி நேரம். மழை பெய்தால் அரை மணி. ஐந்தரைக்கு வேலை முடிந்தால் ஆறுக்குள் வீட்டில் இருக்கிறேன், வெயில் இன்னும் இருக்கிறது. நான் பினாங்கைப் புகழ்வதற்கு முக்கால்வாசிக் காரணம் இது ஒன்றுதான். கடலும் மலையும் அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் கடற்கரைக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வேலையும் வீடும் தீவிலேயே, அதுவும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். என்னோடு வேலை செய்பவர்களில் பலர் கடலுக்கு அக்கரையில் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இருக்கிறார்கள். அங்கே அதே பணத்துக்குத் தரைவீடே கிடைக்கும், தமிழ்க் குடும்பங்களும் அதிகம். ஆனால் தினமும் பாலம் தாண்ட வேண்டும். 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர். தீவுக்கு வரும்போது காருக்கு 5.74 வெள்ளி (ரிங்கிட்) டோல், போகும்போது இல்லை. மோட்டாருக்கு 2019 முதல் டோலே இல்லை என்பதால் நிறையப் பேர் மோட்டாரில்தான் வருகிறார்கள், கடல் காற்றிலும் மழையிலும். தொழிற்சாலைகள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பாலத்தின் வாயில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மஸ்ஜிட் ஜாமெக்தான் ஞாபகம் வரும்.

கணவருக்கு இந்த ஊர் கைகொடுக்கவில்லை. அவர் அச்சகத்தில் இருந்தவர். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இலிருந்து இருக்கிறது. சிப்பு, மின்னணு, மருத்துவக் கருவி என்று அந்த வரிசையில் இருப்பவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அதற்கு வெளியே இருப்பவர்களுக்குக் கதவுகள் குறைவு. ஏழு மாதம் தேடி, கடைசியில் பழைய சம்பளத்தைவிட 600 வெள்ளி குறைவாக ஒரு கிடங்கு வேலைக்குப் போனார். கோலாலம்பூரில் ஒரு வேலை போனால் நாலு நிறுத்தம் தள்ளி இன்னொன்று இருக்கும். இருவரும் வேலைக்குப் போகிற குடும்பம் என்றால், இருவருக்கும் வேலை உறுதியான பிறகே வீட்டைக் காலி செய்யுங்கள். நாங்கள் செய்யாத காரியம் அது.

இனி அத்தை. இவர் கார் ஓட்டியதில்லை, மோட்டார் ஓட்டியதில்லை, சைக்கிள்கூடத் தெரியாது. மாமா ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர் என்பதால் செந்தூலில் அத்தைக்குத் தெரியாத சந்து கிடையாது. 60 தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம் வந்ததிலிருந்து அவர் பிடிபடவே மாட்டார். செவ்வாய்க்கிழமை கொமியூட்டர் ரயில் பிடித்து பத்துமலை. 272 படியெல்லாம் ஏறுவதில்லை, முழங்கால் விடாது. கீழே இருக்கும் சந்நிதிகளில் கும்பிட்டுவிட்டு, ஒரு வடை, ஒரு தேநீர், திரும்ப ரயில். புடவைக்கு ஃபால்ஸ் தைக்க மஸ்ஜிட் இந்தியா கடைத்தெரு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தோழி. எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாரே தவிர, யாரையும் கேட்டுக்கொண்டு போனதில்லை.

ரெலாவுக்கு வந்த இரண்டாம் வாரம், "ஏம்மா, இந்த ஊர்ல ரயிலே இல்லையா?" என்றார். இருக்கிறது. கொடிமலை ஏறும் ரயில் 1923-இலிருந்து ஓடுகிறது, ஆனால் அது மலைக்கு மட்டும்தான் போகும். தீவில் எல்ஆர்டி வேலை 2025-இல்தான் தொடங்கியது. பேருந்து உண்டு. நிறுத்தத்துக்கு நடந்து, வெயிலில் காத்திருந்து, ஜோர்ஜ்டவுனிலுள்ள கொம்தார் பேருந்து நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. ஜோர்ஜ்டவுனுக்குள் சுற்றும் இலவசப் பேருந்து எங்கள் பக்கம் வராது. ஒருநாள் கடைத்தெருவுக்குத் தனியாகப் போய்விட்டுத் திரும்பும்போது வேறு பேருந்தில் ஏறிவிட்டார். என் தொழிற்சாலைக்குப் போன் வந்தது. அன்றிலிருந்து தனியாகப் போவது நின்றது. கிராப் வாடகைக்கார் இருக்கிறதே என்பீர்கள். பேத்தி பள்ளியிலிருந்து வந்து போனில் போட்டுக்கொடுக்க வேண்டும், போக வர முப்பது வெள்ளி. "ஒரு தேங்காய் உடைக்கிறதுக்கு முப்பது வெள்ளியா?" என்று உட்கார்ந்துவிடுவார். பணம் பெரிதில்லை. அவருக்குப் பிடிக்காதது கேட்டுக்கொண்டு போவதுதான். அது எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது.

பெற்றோரை ஓய்வுக்காக இங்கே கூட்டிவர நினைப்பவர்கள் இதை யோசியுங்கள். அமைதியான ஊர், நல்ல மருத்துவமனைகள், எல்லாம் சரி. அவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? தெரியாது என்றால் ஜோர்ஜ்டவுனிலேயே, கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்து போகிற தூரத்தில் வீடு பாருங்கள். வீடு பழசாக இருக்கலாம், கார் நிறுத்த இடம் இல்லாமலும் போகலாம். பரவாயில்லை. நாங்கள் என் வேலைக்குப் பக்கமாக வீடு பார்த்தோம், அவருடைய நாளை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

தைப்பூசத்தில் மட்டும் அவர் பினாங்கு கட்சி. செந்தூலில் இருந்தவரை ஜாலான் ஈப்போவில் இரவில் வெள்ளி ரதம் பார்ப்போம். இங்கே தைப்பூசத்துக்கு முந்தின நாளான செட்டிப்பூசத்தன்று விடியற்காலையிலேயே ரதம் கிளம்புகிறது. சீனர்கள் குடும்பம் குடும்பமாக நின்று தேங்காய் உடைக்கிறார்கள், தெருவே வெள்ளையாகிவிடுகிறது. தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி, அத்தைக்கு அது ஆகாது. கீழே நகரத்தார் கோயிலோடு சரி. "கூட்டத்துல மூச்சு முட்டல" என்பதுதான் அவர் கொடுத்த மதிப்பெண்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள். நாசி கண்டாருக்கும் மீ கோரெங்குக்கும் பினாங்குதான், மறுபேச்சில்லை. வாழையிலைச் சாப்பாட்டுக்கு நான் இன்றும் பிரிக்பீல்ட்ஸையே சொல்வேன். இங்குள்ளவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கோலாலம்பூரில் தெரிவு அதிகம்.

தண்ணீர்க் கட்டணம் இங்கே குறைவு. செந்தூலில் தண்ணீர் நின்று நின்று, வாளிகளைத் தூக்கிப் போட மனம் வராமல் கூடவே கொண்டுவந்தேன். 2024 ஜனவரியில் இங்கும் பழுதுபார்ப்புக்காக நாலு நாள் அடைத்தபோது அதே வாளிகள் கைகொடுத்தன. வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை: அங்கே 1,100, இங்கே 1,300, ஆனால் ஓர் அறை கூடுதல். மகளுக்குத் தமிழ்ப்பள்ளி, தோழிகள், எல்லாம் அமைந்துவிட்டது. மலேசியாவில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கில்தான் தொடங்கியது என்று பள்ளியில் படித்துவிட்டு வந்து, என்னமோ அவளே தொடங்கியது மாதிரி பாட்டியிடம் பெருமையடிக்கிறாள்.

பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று வருபவர்கள் பள்ளி விடுமுறையில் வராதீர்கள். சாதாரண வாரநாளில், மாலை ஆறு மணிக்கு, பாயான் லெப்பாஸிலிருந்து பாலம் வரை ஓட்டிப் பாருங்கள். வீட்டில் வண்டி ஓட்டாதவர் இருந்தால், நீங்கள் பார்க்கிற வீட்டிலிருந்து சந்தைக்கு அவரோடு பேருந்தில் போய்த் திரும்பிப் பாருங்கள்.

நாங்கள் இங்கேயேதான் இருக்கப்போகிறோம். அத்தை இப்போது பாதி வருடம் செந்தூலில் கொழுந்தனார் வீட்டில், பாதி வருடம் எங்களோடு. தைப்பூசத்துக்கு வருவார், ஆறு மாதம் ஆனதும் கிளம்பிவிடுவார். ஃபெரியில் பட்டர்வொர்த் வரை நான் கூடப் போய் ரயிலேற்றுவேன். நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம். கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று கொழுந்தனார் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். போன தடவை அவர் அங்கே தேடிக்கொண்டிருந்தபோதே இவர் கொமியூட்டர் மாறி, செந்தூலில் இறங்கி, கீரைக்கட்டும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்.