கல்லடியில் நான் பத்து மாதம் தங்கிய அறை

இந்த அறையில் ஏ.சி. கிடையாது, சுடுதண்ணீர்க் குழாய் கிடையாது, கடலைப் பார்த்த மாடமும் கிடையாது. மூன்று நாள் மட்டக்களப்பைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் இங்கே தங்க வேண்டாம் என்றே சொல்வேன். பாசிக்குடாவில் அவர்களுக்கேற்ற விடுதிகள் இருக்கின்றன. மட்டக்களப்பு வாவிக்கு (கடல்நீரேரிக்கு) மேற்கே உள்ள படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஊதியமின்றி ஆங்கிலம் கற்பிக்கத் திருநெல்வேலியிலிருந்து வந்த நான், மட்டக்களப்பின் கல்லடி உப்போடையில் ஒரு குடும்பத்தின் வளவுக்குள் இருக்கும் இந்த அறையில் பத்து மாதங்கள் இருந்தேன். என்னைப் போல நீண்ட காலம் தங்கிக் கற்பிக்க வருபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று வீட்டுக்கார அக்கா கேட்டுக்கொண்டார். சிவானந்த வித்தியாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இப்படி அறை கொடுக்கும் வீடுகள் வேறும் உண்டு என்பதால், பெயர் தெரியாவிட்டாலும் இக்குறிப்பு பயன்படும்.

அறைக்கு மாதம் 22,000 இலங்கை ரூபாய், காலை உணவும் இரவு உணவும் சேர்த்தால் இன்னொரு 18,000. தனி வாசல், தனிக் குளியலறை, கிழியாத கொசுவலை, எல்லாவற்றுக்கும் மேலாக ஆடாத மேசை. நாற்பது அப்பியாசக் கொப்பிகளை அடுக்கி வைத்துத் திருத்துகிறவளுக்கு மெத்தையைவிட மேசைதான் முக்கியம். இந்தியாவிலிருந்து கொண்டு போன உருண்டைக் கால் பிளக் பழைய சுவரில் பொருந்தியது. புதிதாகக் கட்டிய குளியலறைப் பக்கத்தில் சதுரக் கால் என்பதால் ஓர் அடாப்டர் வாங்க வேண்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. இலங்கையில் ஆசிரியைகள் பெரும்பாலும் பள்ளிக்குச் சேலைதான் உடுத்துவார்கள். அந்தத் தண்ணீரில் துவைத்த என் வெள்ளைச் சேலைகள் இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே பழுப்பேறிவிட்டன. பிறகு மருதமுனைக் கைத்தறியில் அடர் நிறங்களாக வாங்கிக்கொண்டேன். அதற்காக வருத்தமில்லை.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பள்ளி ஏழரைக்குத் தொடங்கும். நான் ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பத்து மாதத்தில் ஒரு நாள்கூட அந்த வீட்டுக் குசினி எனக்கு முன்னால் விழிக்காமல் இருந்ததில்லை. அரிசிமாப் பிட்டும் சம்பலும் ஒரு நாள், குரக்கன் (கேழ்வரகு) பிட்டு ஒரு நாள், இடியப்பமும் சொதியும் இரண்டு நாள் என்று அது தானாகவே ஒரு முறைக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில் சொதி என்பது கலியாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் பாசிப்பருப்பும் காய்கறிகளும் போட்டுக் கெட்டியாக வைப்பது. இஞ்சித் துவையல் இல்லாமல் அதைச் சாப்பிடுபவரை நாங்கள் விசித்திரமாகப் பார்ப்போம். இங்கே சொதி அன்றாடம். மஞ்சளும் பச்சை மிளகாயும் இட்ட நீர்த்த தேங்காய்ப்பால், கிடைத்தால் ஒரு துண்டு மீன், அவ்வளவே. முதல் வாரம் இதையா சொதி என்கிறார்கள் என்று நினைத்தவள், கடைசி வாரம் அதை ஊரில் எப்படி வைப்பது என்று எழுதி வாங்கினேன். இரவில் ஆணம் என்னும் வாவி இறால் குழம்பும், ஞாயிறுகளில் சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் உண்டு. காரம் மட்டும் குறையவே இல்லை. கேட்டுப் பார்த்தேன், குறைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அறை வாடகைக்குள் அடங்காத ஓர் உதவியை இங்கே சொல்லியாக வேண்டும். என்னை அனுப்பிய அமைப்பு, சுற்றுலா விசாவில் போனால் போதும் என்று சொல்லியிருந்தது. வந்த இரவே அக்கா என் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இந்த முத்திரையோட பள்ளிக்கூடம் போக ஏலா" என்றார். எனக்கு முன் அங்கே தங்கிய ஆசிரியர்கள் பட்ட பாட்டில் கற்ற பாடம் அது. சுற்றுலா விசாவில் வந்தவர் ஊதியம் பெற்றோ பெறாமலோ எந்த வேலையும் செய்யக் கூடாது என்பது இலங்கையின் விதி. தொண்டு என்று பெயரிட்டாலும் வேலை வேலைதான். நான் ஊருக்குத் திரும்பி, உரிய நுழைவு விசாவுடன் மறுபடி வந்து, பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் தலைமையகத்துக்கு அலைந்து வதிவிட விசாவைப் பெற்ற பிறகே வகுப்பறைக்குள் நுழைந்தேன். பணமும் வாரங்களும் போயின. அதுவரை என் பெட்டிகளை வைத்துக் காத்த வீட்டார் அந்த நாட்களுக்கு அறை வாடகை கேட்கவில்லை.

விசாவுக்காகக் காத்திருந்த நாட்களில் வீட்டுப் பேத்தி எனக்கு ஆசிரியையானாள். தமிழ் தெரிந்தவள் மட்டக்களப்பில் புதிதாக என்ன படிக்க வேண்டும் என்ற இறுமாப்புடன்தான் வந்திருந்தேன். நான் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் "மறுகா?" என்று கேட்டதும், எதற்காகவோ குழந்தை மனம் மறுகுகிறாள் என்று நான் பதறினேன், பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் அவள் கேள்வி. 'டர்ன் லெஃப்ட்' என்பதற்குத் 'திரும்பு' என்று நான் சொல்லிக் கொடுப்பதைவிட, 'இடப்பக்கம் கிறுகு' என்றால் வகுப்பே ஒருசேரக் கிறுகும். 'ஆங்கிலத்தில் பேசுங்கள்' என்பதைக் 'கதையுங்கள்' என்று மாற்றிய அன்றுதான் பின்வரிசைப் பிள்ளைகள் வாய் திறந்தார்கள். விடுதியில் தங்கியிருந்தால் இவற்றைக் கற்க ஓராண்டு போதாது.

அக்கம்பக்கத்தாரும் தொந்தரவு செய்வதில்லை. 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளி இன்றும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நடக்கும் ஊரில், வெளிநாட்டு ஆசிரியர் ஒரு காட்சிப்பொருள் அல்லர். மாலை நடைக்குக் கிழக்கிலங்கைத் தமிழறிஞர் சுவாமி விபுலானந்தரின் சமாதி அருகிலேயே இருக்கிறது. 1931இல் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராக எங்கள் பக்கம் வந்தார். நான் எதிர்த்திசையில் வந்திருக்கிறேன் என்று அக்காவின் கணவர் கேலி செய்வார்.

குறைகளும் உண்டு. பள்ளி விடுமுறைகளில் நான் ஊருக்குப் போயிருந்தபோதும் உணவுப் பணம் கணக்கில் ஏறியிருந்தது. கேட்டதும் ஒரு மாதத்துக்குப் பாதியைக் கழித்தார்கள், மற்ற மாதத்துக்குக் கழிக்கவில்லை. முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளாதது என் தவறும்தான். ஐப்பசி தொடங்கித் தை வரையிலான மழையில் இணையம் அடிக்கடி அறுந்துவிடும். ஒழுங்கை என்னும் சந்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். படுவான்கரைக்கு இங்கிருந்து போவதும் எளிதன்று. காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்குப் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பாலம் வருமுன் அந்த இடத்தில் வாவியைப் 'பாதை' என்று இங்கே சொல்லும் மிதவைப் படகில்தான் கடந்தார்கள் என்று கேட்ட பின் நான் முறையிடுவதைக் குறைத்துக்கொண்டேன். பள்ளி நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இந்தக் குறை இல்லை.

வார இறுதிப் பயணங்களுக்குக் கல்லடி வசதியான இடம். குருமண்வெளியிலிருந்து பாதை ஏறி மண்டூர் முருகன் கோயிலுக்குப் போய் வரலாம். கொழும்புக்கு உதயதேவி ரயில் உண்டு. பகல் முழுவதும் போய்விடும் என்பதால் புத்தகமும் பிட்டுப் பொதியும் அவசியம்.

அறை இப்போது காலியாக இல்லை. எனக்கு அடுத்தவர் வந்துவிட்டார். அவருக்காக மேசை இழுப்பறையில் பேருந்து நேரங்களை எழுதி வைத்துவிட்டு வந்தேன். அந்தத் தாளின் முதல் வரி மட்டும் பேருந்தைப் பற்றியதன்று: கடவுச்சீட்டை அக்காவிடம் காட்டிய பிறகே பெட்டியைத் திறக்கவும்.