பத்து நிமிட எண்ணிக்கையா, கைப்பேசிப் படமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட வீடுகளின் வேலியோரம் டர்னேரா என்னும் பூச்செடி பூத்திருந்தால், தேனீக்களைப் பதிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, 50 செ.மீ. சதுரம் குறித்து, 10 நிமிடம் பூவில் உட்காரும் பூச்சிகளை எண்ணுவது. பூக்கள் எத்தனை, வெயிலா மேகமா என்பதையும் எழுதுங்கள். எதுவும் வராவிட்டால் 0 போடுங்கள். பலர் அந்தத் தாளை வீசிவிடுகிறார்கள்; பூச்சி குறைவதைக் காட்டுவதே அந்த 0தான்! டர்னேரா மதியத்துக்குள் சுருங்கிவிடும், காலை 10க்குள் முடித்துவிடுங்கள்.

மற்றது, உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் கைப்பேசிப் படம் ஏற்றுவது. கறுத்துப் பருத்த தச்சுத் தேனீயைப் படத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். கொட்டாத தேனீயான கெலுலுட்டோ சில மி.மீ. தான், படம் மங்கும், இனப்பெயர் கிடைப்பது அரிது.

களைக்கொல்லி அடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட, எண்ணிக்கையையே நம்புங்கள்.