அச்சுக்கூடமா, அத்தர் பட்டறையா? தொழில் பின்னணிக் காதல் நாவல்கள்: ஓர் ஒப்பீடு

சரித்திரக் காதல் நாவல்களில் பிரபு, மாளிகை, நடன விருந்து என்று படித்து அலுத்தவர்கள் அடுத்து வந்து சேரும் இடம் தொழில் பின்னணி நாவல்கள். கதாநாயகி கடிகாரம் பழுது பார்ப்பாள், கதாநாயகன் கண்ணாடி ஊதுவான். அட்டையைப் பார்த்தால் எல்லாமே ஆசையைக் கிளப்பும். நூறு பக்கம் தாண்டினால்தான் குட்டு வெளிப்படும். சில தொழில்கள் கதையைத் தோளில் சுமந்து நடக்கும், சில தொழில்கள் சுவரில் மாட்டிய படமாக நின்றுவிடும்.

அடிக்கடி கண்ணில் படுபவை நான்கு: வாசனைத் திரவியம், கடிகாரம், கண்ணாடி, கையச்சு. இவற்றில் என் ஓட்டு கையச்சுக்குத்தான். அட்டைப் படத்தின் அழகில் அது கடைசி. மையும் ஈயமும் யாரையும் மயக்குவதில்லை. ஆனாலும் படிக்கப் படிக்க நிற்பது அதுதான்.

ஆடை, உணவு, ஊர் வர்ணனை இவையெல்லாம் எந்தத் தொழிலுக்கும் பொது, எழுதத் தெரிந்தவர் நன்றாக எழுதிவிடுவார். முடிவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கேள்வி: அந்த வேலையை ஒருவரே தனியாகச் செய்து முடிக்க முடியுமா? முடியும் என்றால், இருவரையும் ஒரே அறைக்குள் கொண்டுவர ஆசிரியர் ஒவ்வொரு முறையும் சாக்கு தேட வேண்டும். திடீர் மழை, உடைந்த வண்டிச் சக்கரம், ஒரே ஓர் அறை மட்டும் காலியாக இருக்கும் சத்திரம். முடியாது என்றால் சாக்கே வேண்டாம். பிடிக்காத ஆளாக இருந்தாலும் விடிந்தால் எதிரே நின்றுதான் ஆக வேண்டும்.

மரத்தாலான பழைய கையச்சு இயந்திரம் அப்படிப்பட்டது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கம்பளி திணித்த இரண்டு தோல் பந்துகளில் மை எடுத்து, ஒன்றோடொன்று தேய்த்துப் பரப்பி, முடுக்கி வைத்த எழுத்துகளின் மேல் தட்டுவார். மற்றவர் ஈரத்தாளை வைத்து, சட்டத்தை மடித்து, படுகையை உள்ளே உருட்டி, நெம்புகோலை இழுப்பார். அழுத்தும் பலகை சிறியது, முழுத்தாளையும் மூடாது. அதனால் தாளின் ஒரு பக்கத்துக்கே இரண்டு இழுப்பு. தேர்ந்த இணைக்கு மணிக்கு 250 தாள் என்பது அந்தக் காலத் தொழிற்கணக்கு. அதாவது ஒரு தாளுக்குப் பதினான்கு விநாடி. இவர் மை தட்டி விலகவில்லை என்றால் அவர் கை அந்தரத்தில் நிற்கும், அவர் தாளை எடுக்கவில்லை என்றால் இவர் பந்தோடு காத்திருப்பார். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் இருவரைக்கூட இந்தப் பதினான்கு விநாடி விடாது. நல்ல ஆசிரியர் கையில், முதல் நாள் தாளெல்லாம் மை திட்டுத் திட்டாக விழுந்து பாழாவதும், பத்தாவது நாள் தாளம் சேர்வதும் போதும். காதல் என்ற சொல்லே தேவைப்படாது.

மெய்ப்புப் பார்ப்பதும் பழைய முறையில் இருவர் வேலை. ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார், மற்றவர் அச்சடித்த தாளில் கண்ணை ஓட்டிப் பிழை குறிப்பார். வேறு யாரோ எழுதிய காதல் வரியை, காற்புள்ளி அரைப்புள்ளியோடு, இவள் அவனுக்குப் படித்துக்காட்டியாக வேண்டும். இதைவிட வசதியான காட்சியை எந்தத் தொழில் தரும்? பிழையின் விலையும் பெரிது. 1631-இல் லண்டனில் அச்சான ஒரு பைபிளில் ஏழாம் கட்டளையிலிருந்து 'செய்யாதே' என்பதன் மறுப்புச் சொல் விழுந்துபோக, விபசாரம் செய் என்று அச்சாகிவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம். ஒரு சொல் விடுபட்டால் குடும்பமே தெருவுக்கு வரும் தொழிலில் மெய்ப்பு மேசைக்கு வேறு பதற்றம் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.

சட்டமும் கதைக்குத் துணை வருகிறது. இங்கிலாந்தில் 1563 முதல் 1814 வரை தொழில் பழக ஏழு ஆண்டு கட்டாயம். பழகுபவன் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில், அந்தக் காலத்துக்குள் திருமணம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். ஆசிரியர் தடை எதையும் கற்பிக்க வேண்டாம், தாளிலேயே இருக்கிறது. மறுபுறம், ஐரோப்பாவின் பல ஊர்களில் அச்சக உரிமையாளர் இறந்தால் மனைவி தொழிலைத் தொடரலாம். பாரிஸில் சார்லோட் கியார் அப்படி இரண்டு முறை கணவனை இழந்து, 1557-இல் இறக்கும்வரை பெரிய அச்சகம் நடத்தியவர். அமெரிக்காவில் எலிசபெத் திமோதி 1738 இறுதியில் கணவர் இறந்ததும் செய்தித்தாளை நிறுத்தாமல் நடத்தினார். ஆகவே அச்சகத்தை ஆளும் கதாநாயகி ஆசிரியரின் பேராசை அல்ல, வரலாற்றில் இருந்த ஆள்.

அவளிடம் கூலிக்கு வேலை செய்யும் தேர்ந்த அச்சுக்காரன் காதல் சொன்னால் ஊர் கேட்கும் கேள்வி: அவளையா விரும்புகிறான், இயந்திரத்தையா? உரிமையாளரின் விதவையை மணந்து தானே முதலாளியாவது அன்று நடைமுறையில் இருந்த குறுக்குவழி. இங்கிலாந்துப் பொதுச்சட்டப்படி, மணந்த மறுநாளே எழுத்தும் இயந்திரமும் கணவனுடையவை. மணமான பெண்களின் சொத்துரிமை பற்றிய 1870, 1882 ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை அதுதான் நிலை. காதலித்தால் தொழில் போகும் என்ற பயம் இவ்வளவு கனமாக வேறு பட்டறையில் கிடைப்பதில்லை.

இந்த வகையில் மோசமான நாவல்களும் ஏராளம். எங்கே சொதப்புவார்கள் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் ரகம் பிரித்துவிடலாம். முதலில் நாற்றம். மைப்பந்தின் தோல் விறைக்காமல் இருக்க அதை இரவெல்லாம் சிறுநீரில் ஊறவைப்பார்கள். அச்சுக்கூடம் முழுக்கப் புதுத்தாளின் நறுமணம் என்று எழுதியவர் உள்ளே நுழைந்து பார்த்ததில்லை. அடுத்தது ஈரம். தாளை முதல் நாளே நனைத்து, அடுக்கி, பாரம் வைத்து வைப்பார்கள். காய்ந்த தாளில் மை சரியாகப் பிடிக்காது. நள்ளிரவில் யோசனை தோன்றி, உடனே உலர்ந்த தாளை எடுத்து அடித்தான் என்றால் சந்தேகப்படலாம். மூன்றாவது கணக்கு. ஃபாரத்தில், அதாவது எழுத்துகளை முடுக்கி வைத்த சட்டத்தில், ஒரே பிரதி என்றால், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட ஆயிரம் துண்டறிக்கைக்கு ஓர் இயந்திரத்தில் நான்கு மணி நேரம். அச்சுக்கோக்க ஆகும் நேரம் தனி. ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் அடித்து விடியுமுன் நகரமெங்கும் ஒட்டிவிட்டார்கள் என்றால் காதில் பூச்சுற்றல்.

அச்சுக்கோப்புக் காட்சியிலும் ஒரு பொறி உண்டு. எழுத்துகளை வலமிருந்து இடமாக அடுக்கினாள் என்று பலர் எழுதுவார்கள். அச்சுக்கோப்பவர் கையில் உள்ள ஸ்டிக் என்ற சிறு தட்டில் எழுத்துகளைத் தலைகீழாக நிறுத்தி, இடமிருந்து வலமாகவே அடுக்குவார், அப்படியே தலைகீழாக வாசிக்கவும் பழகியிருப்பார். ஆங்கில எழுத்தில் புதியவர் திணறுவது b, d, p, q நான்கிலும்தான். கதாநாயகி முதல் வாரம் அவற்றில் தடுமாறினால், எழுதியவர் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார் என்று நம்பிப் படிக்கலாம். பிரெஞ்சு அச்சுக்கூடங்களில் நெம்புகோல் இழுப்பவனுக்குக் கரடி என்றும் அச்சுக்கோப்பவனுக்குக் குரங்கு என்றும் பட்டப்பெயர். பாரிஸ் கதையில் அந்த வசைகூட இல்லையென்றால் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆண்டையும் பார்க்க வேண்டும். இரும்பாலான ஸ்டான்ஹோப் இயந்திரம் 1800 வாக்கில் வந்தது, அதில் ஓர் இழுப்பு போதும். 1814 நவம்பர் 29 அன்று லண்டனின் 'தி டைம்ஸ்' நீராவி இயந்திரத்தில் அச்சானது. அதற்குப் பின் பெரிய செய்தித்தாள்களில் கையச்சு ஒதுங்கிவிட்டது, சிறு அச்சகங்களில் மட்டும் தொடர்ந்தது. என் ரசனைக்கு 1814-க்கு முந்தைய கதைகளே உசத்தி. நீராவி வந்ததும் ஜோடி கலைந்து, கதை தொழிலாளர் போராட்டத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதுவும் நல்ல கதைதான், ஆனால் வேறு கதை.

இனி வாசனைத் திரவியம். அதிகம் விற்பதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். உரிச்சொல்லை அள்ளித் தெளிக்க இதைவிட இடம் ஏது? வேலையைக் காட்டும் நாவல் கிடைத்தால் மட்டும் விடாதீர்கள். மல்லிகை பறித்த பிறகும் மணம் விட்டுக்கொண்டே இருக்கும் பூ, கொதிநீராவி பட்டால் அதன் மணம் கெடும். அதனால் பிரான்ஸின் கிராஸ் நகரத்துப் பட்டறைகளில், மரச்சட்டத்தில் பொருத்திய கண்ணாடிமேல் சுத்திகரித்த கொழுப்பைத் தடவி, பூவைப் பரப்பி, மறுநாள் பழைய பூவை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதுப்பூ வைப்பார்கள். கொழுப்பு மணத்தால் நிறைய ஒரு மாதம் வரை ஆகும். பிறகு சாராயத்தில் கழுவிப் பிரிப்பார்கள். வாடிய பூவைக் கொழுப்பிலிருந்து எடுக்கும் மேசையில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் அருமையான காட்சி. ஆனால் மல்லிகைப் பருவம் கோடை முடிவிலிருந்து இலையுதிர்காலத் தொடக்கம்வரைதான். மற்ற மாதங்களில் கலவை செய்பவள் குப்பிகளோடு தனியாகத்தான் இருப்பாள், ஆசிரியர் மறுபடி மழையைக் கூப்பிட வேண்டும். கால வழுவும் இங்கே அதிகம். கூமரின் என்ற மணப்பொருளைச் செயற்கையாக உருவாக்கியது 1868-இல், வனிலா மணம் தரும் வனிலினை 1874-இல். 1780-இல் இவை இரண்டும் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தால் புத்தகத்தை மூடிவிடலாம்.

கடிகாரம் தனிமைக்காரர்களின் தொழில். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி, மேசையில் ஒரு விளக்கு, எதிரே இன்னொருவர் மூச்சு விட்டாலும் தொந்தரவு. கடித வழிக் காதலுக்கும், பத்து ஆண்டு காத்திருக்கும் கதைக்கும் பொருத்தம். கடலில் கப்பல் இருக்கும் தீர்க்கரேகையைக் காணும் போட்டியை ஆசிரியர்கள் விடமாட்டார்கள். 1714-இல் அறிவித்த பரிசு 20,000 பவுண்டு. ஆங்கிலேயக் கடிகாரக்காரர் ஜான் ஹாரிசனின் நான்காவது கடிகாரம் 1761-இல் கப்பலேறி, ஜமைக்கா போய்ச் சேரும்வரையிலான 81 நாளில் ஐந்து விநாடிதான் பின்தங்கியது. பரபரப்பு நிச்சயம். ஆனால் அது மனிதனுக்கும் பித்தளைக்குமான காதலாகவே பெரும்பாலும் முடிகிறது. 1656-க்கு முன் ஊசல் கடிகாரம் வந்தாலும், ஆடும் கப்பலில் ஊசல் பிசகாமல் ஓடினாலும் எச்சரிக்கை.

கண்ணாடிப் பட்டறை என் கேள்விக்குப் பாதி பதில்தான் சொல்கிறது. தனியாகச் செய்ய முடியாது, சரி. ஆனால் மூன்று நான்கு பேர் வேண்டும். உலையருகே ஆயிரம் டிகிரிக்குமேல் சூடு, குழாய் முனையில் கண்ணாடி இறுகுமுன் மறுபடி காட்டி எடுக்க வேண்டும். பேச நேரமே இல்லை, கும்பலில் காதலுக்கு மூச்சு முட்டும். வெனிஸ் 1291-இல் உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியதும், கைவினைஞர்கள் இரகசியத்தோடு வெளியேறத் தடை இருந்ததும் கதைக்குத் தீனி என்றாலும், கடைசியில் அது தப்பியோடும் கதையாகிவிடுகிறது. ஊதி முடித்ததை மெதுவாக ஆறவிடாமல் அன்றிரவே பரிசாகக் கொடுக்கும் காட்சி வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே இழுவிசை தங்கி, அவள் கையிலேயே விரிசல் விடும்.

கலங்கரை விளக்கம், சரிகைப் பின்னல் போன்றவற்றில் நல்ல நாவல்கள் இருக்கலாம். நான் படித்தவை கைவிரலில் அடங்கும் என்பதால் தரவரிசையில் சேர்க்கவில்லை. கேள்வி மட்டும் அங்கேயும் அதேதான்.

அச்சுக்கூட நாவலை எடுப்பவர்கள் கடைசி அத்தியாயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அந்நாள் புத்தகங்களின் முகப்புப் பக்க அடியில் அச்சிட்டவர் பெயர் இருக்கும், கணவனை இழந்தவர்கள் 'இன்னாரின் விதவை' என்றே போட்டுக்கொண்டதும் உண்டு. 1700-களின் இங்கிலாந்தில் நடக்கும் கதையில் திருமணத்துக்குப் பிறகும் அவள் தன் பெயரிலேயே தொழிலை வைத்திருக்கிறாள் என்றால், அதற்கு முன் எங்காவது ஒரு வழக்கறிஞர் வந்து, சொத்தை அவளுக்கெனத் தனியாக ஒதுக்கும் மண ஒப்பந்தத்தை எழுதியிருக்க வேண்டும். அந்தக் காட்சி இருக்கிறதா என்று பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள்.