உருளை உறை மேசை விளக்கு: பழைய ஃபிலிம் சுற்ற இதுதான் சரி

பழைய ஃபிலிம் சுற்றி அலங்கரிக்க ஒரு விளக்கு தேடுகிறவர்களுக்கு, கோவை, ஈரோடு மின்சாமான் கடைகளில் கிடைக்கும் சாதாரண உருளை உறை மேசை விளக்கையே பரிந்துரைப்போம். கூம்பு உறை வேண்டாம். ஃபிலிம் நேரான பட்டை என்பதால் கூம்பின் மேல் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கீழே இடைவெளி விழும்.

15 செ.மீ. விட்டம், 23 செ.மீ. உயரம் உள்ள உறை கச்சிதம். ஆறு படமாக வெட்டிய 35 மி.மீ. நெகட்டிவ் துண்டு 22.8 செ.மீ. நீளம் இருக்கும், உயரத்துக்கு அப்படியே பொருந்தும். உறையின் சுற்றளவு சுமார் 47 செ.மீ. துளை விளிம்புகள் 5.5 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்தால் 16 துண்டு போதும். 36 படச் சுருள் மூன்றில் 18 துண்டு கிடைக்கும். ஒரே குறை, குறுக்குவாட்டில் எடுத்த படங்களில் ஆட்கள் படுத்தபடி தெரிவார்கள்.

அது பிடிக்காதவர்கள் சினிமா பிரிண்ட், அதாவது தியேட்டரில் ஓட்டிய ஃபிலிம், தேடலாம். அதில் படங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிமிர்ந்தே நிற்கும், நிறமும் நேர் நிறம். டிஜிட்டல் வந்தபின் மூடிய தியேட்டர்களின் பழைய ஆபரேட்டர்களிடம் டிரெய்லர் துண்டுகள் இருக்கலாம். சினிமாஸ்கோப் துண்டில் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள்; திரையில் லென்ஸ் விரித்துக் காட்டுவதற்காக அப்படி நெருக்கிப் பதித்தது. பழைய கலர் பிரிண்ட் பல, நீலம் போய் வெறும் ரோஸ் நிறமாகியிருக்கும். விளக்கில் அதுவும் அழகுதான்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை சென்ட்ரல் ஸ்டூடியோ ஆகிய பழைய படத் தயாரிப்பு நிலையங்களின் காலத்துச் சுருள் கையில் சிக்கினால் விளக்குப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. 1950-களின் தொடக்கம்வரை சினிமா ஃபிலிம் நைட்ரேட்டில் வந்தது. சுலபமாகத் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சிட்டிருந்தால் அசிட்டேட் வகை, பயமில்லை. அதிலும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, ஒதுக்கிவிடுங்கள்.

பசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சட்டென ஒட்டும் பசையின் ஆவி ஃபிலிமில் வெண்படலம் படிய வைக்கும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை பட்டால் படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் ஊறிப் படம் குழையும். இருபக்க டேப் சித்திரை வெயிலில் இளகி நழுவும். தையல் நூலே நல்லது: படியும் விளிம்புகளில் துளைகள் பாதியளவு ஒத்து நிற்கும், ஊசி தாராளமாக நுழையும். ஒரு விளிம்புக்கு மேல், நடு, கீழ் என மூன்று முடிச்சு போதும். இறுக்கிக் கட்ட வேண்டாம். காய்ந்த காற்றில் ஃபிலிம் சுருளப் பார்க்கும், இறுக்கினால் துளை கிழியும். நெகட்டிவின் பளபளப்பான பக்கம் வெளியே இருக்கட்டும். படம் இடவலம் மாறாது, விரல் பட்டாலும் படத்துக்குச் சேதமில்லை.

உள்ளே துணி உறை அவசியம். அது இல்லாவிட்டால் பல்பு மட்டும் கண்ணைக் கூசும், படம் தெரியாது. சோமனூர், பல்லடம் பக்கத்துக் காடா துணி சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அதன் பழுப்பு கலர் நெகட்டிவின் ஆரஞ்சோடு சேர்ந்து எல்லாவற்றையும் மங்கடித்துவிடும். வெளுத்த வெள்ளைத் துணியே வேண்டும். பல்பும் அப்படித்தான்: நெகட்டிவுக்கு 6500 கெல்வின் வெள்ளை, சினிமா பிரிண்டுக்கு 2700 கெல்வின் மஞ்சள். இரண்டுக்கும் 5 வாட் எல்.இ.டி. போதும். சூட்டில் ஃபிலிம் நெளியும் என்பதால் குண்டு பல்பு கூடவே கூடாது. இந்த வெளிச்சத்தில் புத்தகம் படிக்க முடியாது. படுக்கையறைக்கும் வரவேற்பறை மூலைக்கும் ஏற்றது.

‘ஃபிலிம் லாம்ப்’ என்று ஆயத்தமாக விற்பவற்றில் அச்சடித்த பிளாஸ்டிக் தாளும் உண்டு. ஓரத்துளை நிஜமாக வெட்டியதா, வெறும் கறுப்புக் கட்டமா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கட்டமாக இருந்தால் கொடுக்கும் காசுக்குத் தகாது.

வீட்டுக் கல்யாண நெகட்டிவை வெட்டும்முன் ஸ்கேன் செய்துவிடுங்கள். கலர்ச் சாயம் வெளிச்சத்தில் நாளாவட்டத்தில் வெளுக்கும். கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி, அது அவ்வளவு சீக்கிரம் மங்காது. தூசியை ஈரத்துணியால் துடைக்காமல் மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். ஆடிக்காற்று மாதங்களில் வாரம் ஒருமுறை.